பென்சில் கரியும் ஒரு தட்டுக் கற்பூரமும்

மெட்ராஸுக்குப் போகிறவர்கள் கோயில் பார்க்கப் போவார்கள், பட்டு எடுக்கப் போவார்கள், மாப்பிள்ளை பார்க்கப் போவார்கள். நான் பென்சில் கரியின் மேல் சாண வாயு எப்படி உட்காருகிறது என்று பார்க்கப் போனேன். பினாங்கில் என் அத்தைமார் யாரும் இதை நம்பவில்லை. மாப்பிள்ளை சமாச்சாரத்தைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறேன் என்று முடிவு கட்டி, கப்பல் ஏறும்போது கையில் ஒரு டப்பா அல்வா கொடுத்து அனுப்பினார்கள்.

எழுபதுகளின் பின்பாதி அது. ஒரு கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். எல்லாம் முடிந்து ஒரே ஒரு வரைபடம் பாக்கி. அதற்கு வேண்டிய கண்ணாடிக் கருவி எங்கள் ஊரில் இல்லை. அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தது. அங்கிருந்த பேராசிரியர் தாராளமாக வரச்சொல்லிக் கடிதம் போட்டார். கல்லூரி, போக வர கப்பல் நாள் போக, மூன்று வாரம் விடுப்பு கொடுத்தது, ஏதோ சொத்தை எழுதிக் கொடுப்பது போல.

துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். பிறகு பட்டுப்புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒரு காகித உறையை இரண்டு விரலால் தூக்கினார். உள்ளே அப்பளம் மாதிரி கறுப்பாகச் சில தாள்கள்.

"என்னம்மா இது?"

"கிராபைட். பென்சிலுக்குள்ள இருக்குமே, அது."

"பென்சிலை விட்டுட்டுக் கரியை மட்டும் கொண்டு வந்திருக்கீங்களா? எதுக்கு?"

"அதுமேல வாயுவைப் படிய விட்டுப் பார்க்க."

அவர் பக்கத்து மேசைக்காரரிடம் ஆங்கிலத்தில் ஒன்று சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "டிரான்சிஸ்டர் கடத்துறவனைப் பிடிச்சா மெடல் கிடைக்கும். பைத்தியத்தைப் பிடிச்சா என்ன கிடைக்கும்? விட்டுடு." பெட்டியில் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

இங்கே ஒரு சின்னப் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது. கிராபைட் என்பது கார்பன் தாள்களின் அடுக்கு. ஒவ்வொரு தாளும் தேன்கூடு மாதிரி ஆறுமூலைக் கட்டம் போட்ட தரை. மீத்தேன் என்பது ஒரு கார்பனும் நாலு ஹைட்ரஜனும் சேர்ந்த குட்டி மூலக்கூறு. ஹைட்ரோகார்பன்களில் அதைவிட எளிய பிறவி கிடையாது. மூன்று ஹைட்ரஜனைக் காலாக ஊன்றி, நாலாவதை மேலே தூக்கிக்கொண்டு, முக்காலி மாதிரி அந்தத் தரையில் உட்காரும் என்று ஊகம். கடுங்குளிரில், கூட்டம் குறைவாக இருந்தால் மூன்று கட்டத்துக்கு ஒன்றாக இடம் விட்டு உட்காரும். கூட்டம் கூடினால் நெருங்கி உட்காரும். முதல் அடுக்கு நிறைந்த பிறகுதான் இரண்டாம் அடுக்கு தொடங்கும். வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, எவ்வளவு ஒட்டியது என்று வரைந்துகொண்டே போனால் கோடு மாடிப்படி மாதிரி ஏறும். அடுக்குக்கு ஒரு படி. கரி சுத்தமாக இருந்தால் படி வரும். அழுக்காக இருந்தால் வழுக்குப்பாறை மாதிரி ஒரு சரிவு வரும். எனக்குப் படி வேண்டும். பாடம் முடிந்தது.

பேராசிரியர் வீடு மந்தைவெளியில். மாடி அறையில் என்னைத் தங்க வைத்தார்கள். பேராசிரியரின் மனைவியை எல்லோரையும் போல நானும் மாமி என்றேன். மாமிக்கு என்மேல் ஒரே ஒரு மனக்குறை. "பினாங்குல காத்தால என்னடி சாப்பிடுவேள்?" என்று கேட்டாள். தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிக் கருவாடும் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து என் தட்டு மட்டும் தனியாகக் கொல்லைக் குழாயடியில் கழுவப்பட்டது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தனித்தட்டில் மாமி போட்ட வெந்தயக்குழம்புக்கு இன்றைக்கும் நான் அடிமை. காபி மட்டும் எங்கள் ஊர் சீனன் கடைக் கோப்பிக்குக் கால்தூசி. இதை மாமியிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

மறுநாள் ஆராய்ச்சிக்கூடம். அங்கேதான் கன்னியப்பனைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். காக்கி அரைக்கால்சட்டை, காதில் பீடி. பதினோரு வருஷமாக அதே அறையில் தினக்கூலி உதவியாளர். பம்ப்பைத் துடைப்பது, கண்ணாடி ஊதுவது, திரவ நைட்ரஜன் கொண்டுவருவது எல்லாம் அவர்தான். பேராசிரியர் கண்டுபிடித்ததாகப் பத்திரிகைகளில் வந்த பாதி விஷயங்கள் கன்னியப்பன் குழாய் திருகியதால் வந்தவை. இதைப் பேராசிரியரே ஒருமுறை வாய் தவறிச் சொன்னார், அதுவும் ஆங்கிலத்தில்.

என் உறையைப் பிரித்துப் பார்த்தார் கன்னியப்பன். "இன்னாமா இது, கரியா? இதும்மேல இன்னா கேஸு உடப்போற?"

"மீத்தேன். சாணம் அழுகினா வருமே, அது."

"அய்ய! சாணி கேஸுக்கா கப்பலேறி வந்துகீற? எங்க ஊட்டாண்ட வந்து நில்லுமா, சைதாப்பேட்டை ஆத்தங்கரையில சொம்மாவே வரும். மூக்கப் பொத்திக்கினு எத்தினி வேணும்னாலும் புடிச்சிக்க."

சிரித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். ஆத்தங்கரைக் குடிசைகளின் மேல் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். லாரி வந்து அள்ளிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே எங்கேயோ கொட்டப்போகிறார்கள். அங்கிருந்து அடையாறு வர இரண்டு பஸ் மாற வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பின்னால் நிரந்தர ஊழியர்களுக்கு ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருந்தன. ஒன்று காலியாக இருந்தது. கன்னியப்பனை நிரந்தரமாக்கும் ஃபைல் ஆபீஸில் கடைசி மேசைக்கு வந்துவிட்டது. கையெழுத்து விழுந்தால் அந்த வீடு அவருக்கு.

"பதினோரு வருசமா ஒரு புகாரு கெடையாது என் மேல. பூஜை தாண்டி ஆர்டர் வந்துரும்னு சூப்பரிண்டு சொல்லிக்கீறாரு. எம் பொண்டாட்டி இப்பவே அந்த ரூம்புக்கு மனசுக்குள்ள சுண்ணாம்பு அடிச்சிக்கினு கீறா."

கரியைக் குழாயில் போட்டு, சூடு பண்ணிக்கொண்டே பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் அழுக்கையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அங்கிருந்த அடுப்பு பழசு. சாயங்காலமானால் மின்சாரம் இறங்கிவிடும், அடுப்பு வெந்நீர் சூட்டைத் தாண்டாது. கன்னியப்பன் உடனே சொன்னார்: "இந்தச் சூடு பத்தாதும்மா. பழுக்கப் பழுக்கக் காச்சணும். ஸ்டோருல பழைய கம்பிச்சுருள் கீது, ரெண்டு நாள் குடு, புச்சா சுத்தித் தரேன்."

"இது கொல்லன் பட்டறை இல்லை கன்னியப்பன். நாலு நாள் பம்ப் ஓடினால் போதும், எனக்குத் தெரியும்" என்றேன். அவர் பீடியை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நாலு நாள் பம்ப் ஓடியது. நான் ஊர் சுற்றினேன். மயிலாப்பூர்க் குளத்தைப் பார்த்தேன். குளத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தண்ணீர் தேங்கியிருந்தது. மாமி என்னை வீடு வீடாகக் கொலு பார்க்க அழைத்துப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் ஏழு படி, ஒன்பது படி. படி படியாகப் பொம்மைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. இவர்களுக்கெல்லாம் பலகை போட்டால் படி வந்துவிடுகிறது. ஒரு வீட்டில் பாடச் சொன்னார்கள். எனக்கு மலாய்ப் பாட்டுதான் தெரியும் என்றேன். அதற்கும் சுண்டல் கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் ஆயுத பூஜை. இங்கேதான் வம்பு. அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு. சுத்தியல் முதல் பஸ் வரைக்கும் எதுவும் உழைக்கக்கூடாது, பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் என் பம்ப்பை நிறுத்தினால் நாலு நாள் உழைப்பும் போச்சு. "பம்ப்பைத் தொட்டீங்க, நான் பொல்லாதவளாகிடுவேன்" என்று முதல் நாளே மிரட்டி வைத்திருந்தேன்.

கன்னியப்பன் இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மூலையில் செத்துக் கிடந்த ஒரு பழைய பம்ப்பை எடுத்துத் துடைத்து, மாலை போட்டு, என் பம்ப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். "இது அதுக்கு அண்ணன். தம்பி டூட்டியில கீறான், அவனுக்காவ அண்ணன் லீவு எடுத்துக்கினு கீறான். சாமி ஒத்துக்கும்."

பிறகு கண்ணாடிக் குழாய், பாதரச மானி, அடுப்பு, மேசை விளக்கு என்று எதையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மூடியிருந்த என் கரிக்குழாயின் நெற்றியிலும் ஒரு பொட்டு. தட்டு நிறையக் கற்பூரம் ஏற்றிக் கருவியைச் சுற்றி மூன்று முறை காட்டினார். பொரியும் கடலையும் கொடுத்தார். வாங்கித் தின்றேன். நன்றாக இருந்தது. இதையும் பதிவு செய்துவிடுகிறேன், ஏனென்றால் என் புகார்க் கடிதத்தில் இதை எழுதவில்லை.

ஏழாம் நாள் நைட்ரஜன் வாங்கப் போனோம். சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு மாட்டு இனவிருத்தி நிலையம். காளைகளின் விந்துவை உறைய வைத்துக் காப்பதற்காகத் திரவ நைட்ரஜன் வைத்திருப்பார்கள். அவர்களிடம் கெஞ்சி ஒரு கேன் வாங்குவது கன்னியப்பனின் தனித் திறமை. வாயுவும் மாட்டுச் சாணத்து வாயு, குளிரும் மாட்டு நிலையத்துக் குளிர். பசுமாடு மனது வைத்தால்தான் எனக்கு டாக்டர் பட்டம் என்று அன்று புரிந்தது.

ஆட்டோக்காரர்கள் புகையும் கேனைப் பார்த்ததும் பறந்தார்கள். பஸ்ஸில் ஏறினோம். மெட்ராஸ் பஸ் என்பது மீத்தேனுக்கு நேர் எதிர். எங்கள் மீத்தேன் உள்ளே நிறைந்த பிறகுதான் அடுத்த அடுக்குக்குப் போகும். இவர்களோ உள்ளே ஆறு சீட் காலியாக இருக்கும்போதே படியில் பத்துப் பேர் தொங்குகிறார்கள். அந்தத் தொங்கலைப் பிளந்துகொண்டு நானும் கன்னியப்பனும் கேனோடு நுழைந்தோம். மூடியை இறுக்கினால் வெடித்துவிடும் என்பதால் தளர்த்தித்தான் வைக்க வேண்டும். வெள்ளைப் புகை காலடியில் ஊர்ந்தது.

"இன்னாயா அது, பொகையுது?" என்று கண்டக்டர் கத்தினார்.

"ஐஸுபா."

"ஐஸு உருகும்யா, பொகையுமா? பாம்மா வச்சினுகீற?"

பாம் என்ற சொல் காதில் விழுந்ததும் பஸ் பாதி காலியானது, பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே. முன்சீட்டில் ஒரு பெரியம்மா மட்டும் அசையவில்லை. புகையை இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எந்தக் கோயில் சாம்பிராணிம்மா, வாசனையே காணோம்?" என்றார். கன்னியப்பன் கொஞ்சமும் கூசாமல், "மாட்டுக் கோயிலு ஆத்தா" என்றார். கண்டக்டர் எங்களை ஆற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே இறக்கிவிட்டார். மீதி தூரம் வெயிலில் நடந்தோம். கேனைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போக, நான் குடையை அவருக்குப் பிடிப்பதா கேனுக்குப் பிடிப்பதா என்று தெரியாமல் பின்னால் ஓடினேன். பாதி ஆவியாகிப் போயும் மிச்சம் போதுமானதாக இருந்தது.

கரிக்குழாயைக் குளிரில் இறக்கி, மீத்தேனை இம்மி இம்மியாக விட்டேன். ஒவ்வொரு முறையும் பாதரசத்தைப் பார்த்துக் கட்டத்தாளில் ஒரு புள்ளி. பத்துப் புள்ளி, பதினைந்து, இருபது. புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டேன். படியும் இல்லை, கிடியும் இல்லை. ஒரே சரிவு. கொழுப்பெடுத்த பூனை படுத்த மாதிரி ஒரு கோடு.

எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. எதிரே கண்ணாடிக் குழாய் நெற்றியில் குங்குமத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. போதாதா? கற்பூரம்! கற்பூரப் புகை கிராபைட்டில் போய் ஒட்டிக்கொண்டால் மீத்தேனுக்கு ஏது இடம்?

பேராசிரியர் வந்து வரைபடத்தைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார். "நூறு தடவை சொல்லியிருக்கேன், ஆய்வுக்கூடத்தில் மூடநம்பிக்கை கூடாதுன்னு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் நெற்றியில் விபூதி மூன்று பட்டையாக இருந்தது. "எழுதிக் கொடு. இதெல்லாம் ரெக்கார்டில் வரணும்." எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், ஒரு பக்கம். அனுமதியின்றி ஆய்வறையில் எரிபொருள் கொளுத்திய தினக்கூலி ஊழியரால் விலைமதிப்பற்ற மாதிரி பாழானது என்று. மூடின கண்ணாடிக்குள் கற்பூரம் எப்படி நுழையும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து அரை டஜன் பட்டம் வாங்கியிருந்தோம்.

மறுநாள் கன்னியப்பனின் ஃபைல் கடைசி மேசையிலிருந்து முதல் மேசைக்குத் திரும்பியது. அவர் என்னிடம் வந்து, "கற்பூரம் உள்ள பூந்துருச்சாமா மெய்யாலுமே?" என்று மட்டும் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கருவிக்குத் தன்னால் கெடுதி வந்துவிட்டதே என்ற பதற்றம்தான் இருந்தது. "ஆமாம்" என்றேன்.

அன்று சாயங்காலம் மனசு சரியில்லாமல் தியாகராய நகர் போனேன். மனசு சரியில்லாத பெண்களுக்காகவே கட்டிய ஊர் அது. என் பெட்டியிலிருந்த பட்டுப்புடவை ஒன்றை எடுத்துப் போயிருந்தேன், அதே பார்டரில் தங்கைக்கும் ஒன்று வாங்கலாம் என்று. கடையில் திருநெல்வேலிப் பக்கத்து விற்பனையாளர் புடவையைக் கையில் வாங்கினார். முகம் கோணியது.

"அக்கா, தப்பா நினைக்காதிய. இதைப் புதுப்பட்டுக்குப் பக்கத்துல வைக்காதிய. பாச்சா உருண்டை வாடை தூக்குது."

"கப்பல்ல கரப்பான் தொல்லைன்னு நான்தான் ஒரு பை நிறையப் போட்டேன்."

"போட்டது சரிதான். ஆனா அந்த வாடை பக்கத்துல இருக்கறதுல எல்லாம் ஏறிக்கிடும்லா. ஏறிக்கிட்டா லேசுல விடாது. நல்ல சூட்டுல காயப் போட்டாத்தான் போவும்."

கடைப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் புடவை விலையைக் கேட்டு மயங்கிவிட்டேன் என்று நினைத்து சோடா வரவழைத்தார்.

பாச்சா உருண்டை என்றால் நாப்தலீன். பத்து கார்பன், எட்டு ஹைட்ரஜன். அதுவும் ஒரு ஹைட்ரோகார்பன்தான். அதன் உருவம் இருக்கிறதே, கிராபைட் தேன்கூட்டிலிருந்து பக்கத்துப் பக்கத்துக் கட்டம் இரண்டை வெட்டி எடுத்த மாதிரி இருக்கும். கிராபைட்டைக் கண்டால் அதற்குத் தாய்வீடு. தட்டையாகப் படுத்துவிடும், எழுந்திருக்காது. கப்பலின் வேக்காட்டில் ஒரு வாரத்துக்கு மேல் என் பட்டுப்புடவைக்குள் என் கிராபைட், அதைச் சுற்றி என் பாச்சா உருண்டைகள். மீத்தேன் வந்து பார்த்தால் தரை முழுக்க வேறு ஆள் பாய் விரித்துப் படுத்திருக்கிறான். அவனை எழுப்ப என் வெந்நீர் அடுப்பால் முடியுமா? ரசாயனம் படித்த எனக்கு இதைச் சொல்ல ஒரு ஜவுளிக்கடை அண்ணன் வேண்டியிருந்தது.

ராத்திரி உறையில் மீதியிருந்த தாள்களை முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை.

காலையில் முதல் வேலையாகப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் மேஜையில் விரலால் தட்டினார். "கற்பூரம்னா உன் பல்கலைக்கழகம் அனுதாபப்படும். பாச்சா உருண்டைன்னா சிரிக்கும். யோசிச்சுக்கோ" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? நேராகக் கன்னியப்பனிடம் போனேன்.

"தப்பு என்னுது கன்னியப்பன். கற்பூரம் இல்லை. என் பெட்டியில இருந்த பாச்சா உருண்டை. நீங்க முதல் நாளே பழுக்கக் காய்ச்சணும்னு சொன்னீங்க, நான் கேக்கலை. மன்னிச்சிடுங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்ப சாமி கும்புட்டதுல தப்பில்ல?" என்றார்.

"இல்லை."

"அது போதும்மா" என்றவர், சற்றுக் கழித்துக் கேட்டார்: "இதை ஆபீஸ்ல சொல்லுவியா?"

அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். முதல் கடிதத்தைவிட நல்ல ஆங்கிலம். குற்றம் முழுக்க என்னுடையது, ஊழியர் நிரபராதி என்று. ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் கடிதத்தை இரண்டு தடவை படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"உண்மையைத்தானே எழுதியிருக்கேன்?"

"உண்மை பொய் எனக்குத் தெரியாதும்மா. ரூல் தெரியும். ஒரு புகார் மட்டும் இருந்தா, ஒரு வார்னிங் மெமோ கொடுத்துட்டு அடுத்த வாரமே ஃபைலை அனுப்பியிருப்பேன். நேத்தே டிராஃப்ட் போட்டாச்சு. இப்ப ஒரே ஆளைப் பத்தி ஒண்ணுக்கொண்ணு முரணா ரெண்டு லெட்டர் ரெக்கார்டுல ஏறிடுச்சு. விசாரணைக் கமிட்டி போட்டாகணும்."

"எப்போ போடுவீங்க?"

"டைரக்டர் போடணும். அவர் ஜெர்மனி போயிருக்கார். தையில வருவார்."

"அப்ப இந்த ரெண்டாவது லெட்டரைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"நம்பர் போட்டாச்சேம்மா!"

"மூணாவதா ஒண்ணு எழுதித் தரவா?" என்று கேட்டேன். மனுஷன் பதறிப்போய் இங்க் பாட்டிலையும் பேனாவையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். காலியாக இருந்த ஒற்றை அறை வீடு பட்டியலில் அடுத்த பெயருக்கு, ஒரு தோட்டக்காரருக்குப் போனது. விதிப்படிதான் போனது. அந்தக் கட்டடத்தில் விதிப்படி அல்லாமல் ஒரு கொசுகூடக் கடிக்காது.

எனக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. ஆய்வை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. மறுநாள் காலையில் போனால் கன்னியப்பன் தரையில் உட்கார்ந்து பழைய கம்பிச்சுருளைப் பிரித்துப் புதிதாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் கன்னியப்பன் இதெல்லாம்? உங்களுக்கு என்மேல கோபமே வரலையா?"

"வரலன்னு யாரு சொன்னது? ராத்திரி பூரா என் பொண்டாட்டியும் நானும் ஒன்னிய வண்டி வண்டியா திட்டிக்கினு இருந்தோம்." கம்பியைப் பல்லால் கடித்து இழுத்தார். "ஆனா நீ கப்பலேறிப் பூடுவ. இந்த மிஷினு இங்கதான கீது. இதுல படி வரலன்னு ஊரு ஒலகத்துக்கு நீ எழுதிட்டா, அப்பால எவன் மதிப்பான் இதை?"

சுருள் தயாரானது. இந்த முறை கரி செக்கச்செவேலென்று பழுக்கும்வரை காய்ச்சினோம். குழாயின் குளிர்ந்த முனையில், வெள்ளையாக மெல்லிய படலம் ஒன்று வந்து படிந்தது. "தோ பார்ரா, ஒன் உருண்டை" என்றார் கன்னியப்பன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாக ஊதி மூடினார். நாலு நாள் அப்படியே பம்ப் ஓடியது.

ஆய்வு நாளன்று காலை கன்னியப்பனைக் காணோம். ஒன்பது மணி, பத்து மணி. நைட்ரஜன் இல்லாமல் நான் என்ன செய்ய? மனதுக்குள் திட்ட ஆரம்பித்துவிட்டேன், வெட்கம்கெட்ட மனசு அது. பதினொன்றரைக்கு வந்தார், தலையில் கேனோடு. சட்டை முழுக்க மண்.

"லேட்டாயிருச்சு. காத்தால அஞ்சு மணிக்கு லாரி வந்துருச்சு ஆத்தாண்ட. தட்டுமுட்டு சாமான், புள்ளைங்க எல்லாம் ஏத்தி உட்டுட்டு, அங்க எறக்கிட்டு, ரெண்டு பஸ்ஸு மாறி மாட்டாஸ்பத்திரிக்குப் போயி வரேன்."

"வீடு?"

"ஊடு எங்க கீது? நாலு கம்பு நட்டு மேல பாய் போட்டுகீறேன். வா, நைட்ரஜன் காலியாவுது."

மீத்தேனை விட்டோம். இந்த முறை பாதரசத்தை அவர் பார்த்துச் சொன்னார், நான் புள்ளி வைத்தேன். முதல் சில புள்ளிகள் செங்குத்தாக ஏறின. பிறகு சமதரை. வாயு விட விட அழுத்தம்தான் ஏறியது, ஒட்டியது ஏறவில்லை. முதல் அடுக்கு நிறைந்துவிட்டது! இன்னும் கொஞ்சம் விட்டேன். மறுபடி செங்குத்து. இரண்டாவது அடுக்கு. மறுபடி சமதரை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் உட்காருவது போல அந்த மீத்தேன் கூட்டம் அடுக்கடுக்காக உட்கார்ந்தது. கத்திவிட்டேன். தமிழில் கத்தினேனா மலாயில் கத்தினேனா நினைவில்லை.

கன்னியப்பன் கட்டத்தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "இதானா படி?"

"இதேதான்."

"சோக்கா கீது" என்றார். எதிரில் பின்வரிசை வீட்டுக் கொடியில் தோட்டக்காரர் வீட்டுத் துணி காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமே அந்தப் பக்கம் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிளம்பும் நாளன்று மாமி கட்டுச்சோறு கொடுத்தாள். அந்தத் தனித்தட்டையும் கழுவிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள், "இனிமே இதை இங்க யாரும் தொடமாட்டா, நீயே வெச்சுக்கோ" என்று. அன்பா அவமானமா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

டாக்ஸியை ஆராய்ச்சிக்கூட வாசலில் நிறுத்தச் சொன்னேன். கன்னியப்பன் வெளியே வந்தார். அன்றும் பஸ் தாமதமாகி ஒரு மெமோ வாங்கியிருந்தார், பதினோரு வருஷத்தில் முதல் மெமோ. "நான் ஊருக்குப் போனதும் டைரக்டருக்கு எழுதறேன். உங்களாலதான் எனக்குப் படி வந்துச்சுன்னு எழுதறேன். என் புத்தகத்துல முதல் பக்கத்துல உங்க பேரைப் போடறேன்" என்று என்னென்னவோ சொன்னேன்.

அவர் டாக்ஸி ஜன்னலில் கை வைத்துக் குனிந்தார்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். கோச்சுக்காத. இனிமே என்னியப் பத்தி எங்கியும் எதுவும் எழுதாத. நல்லதாக்கூட எழுதாத."

என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் பேராசிரியருக்கு நன்றி இருக்கிறது, டைரக்டருக்கு இருக்கிறது, மாட்டு நிலையத்துக்குக்கூட இருக்கிறது. தேர்வாளர்கள் வரைபடத்தைப் புகழ்ந்தார்கள். அவர் பெயர் அதில் எங்கும் இல்லை. இங்கேயும் இல்லை. கன்னியப்பன் என்பது நான் வைத்த பெயர்.